நாடகம் முடியட்டும் என்றார் அத்தை

எலுமிச்சைத் தோலும் இறால் ஓடும் கலந்த வாடை ஒன்று உண்டு. எங்கள் அத்தை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் வீடு முழுக்க அந்த வாடைதான். திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. பகலெல்லாம் இறால் உரித்துவிட்டு வந்து, ஊறிப்போன விரல்களில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டே அவர் "நாடகம்" பார்ப்பார். தொடர் என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

அந்த நாடகத்தில், கட்டியவன் மனைவியை விட்டு வேறொருத்தியோடு போய், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து, சேர்த்துக்கொள் என்று கேட்பான். அத்தையின் கதையும் அதேதான். எண்ணூர்ப் பக்கம் வேறு குடித்தனம் வைத்திருந்த மாமா, அது சரிப்படாமல், உடம்பும் தளர்ந்து, திரும்பி வருகிறேன் என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தையின் தம்பியான என் நைனாவும், வயதான காலத்தில் துணை வேண்டாமா என்று அவரை நச்சரித்தார். எல்லோருக்கும் அத்தையிடம் ஒரே பதில்தான்.

"நாடகம் முடியட்டும். அப்பால சொல்றேன்."

தட்டிக்கழிக்கத்தான் சொன்னாரோ என்னவோ, தெரு அதைப் பிடித்துக்கொண்டது. நாடகத்துக்காரி செய்வதைத்தான் அத்தையும் செய்வார் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். அவள் கொஞ்சம் இளகினால், மறுநாள் குழாயடியில் அத்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாடகமே பார்க்காத மாமா, தினமும் டீக்கடை வாசலில் நின்று பார்க்கிறார் என்று சேதி வந்தது. "இன்னா அண்ணி, அண்ணன் உன்னிய உட்டுட்டு இப்ப அவளப் பாத்துகினு கீறாராமே" என்று அம்மா கேலி செய்தார். அத்தை சிரிக்கவில்லை.

நாடகத்தின் கடைசி நாளன்று மாமா துணிப்பையோடு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டார்கள். நாடகத்துக்காரி கணவனை மன்னித்து, கைபிடித்து உள்ளே அழைத்துப்போனாள். அம்மா விக்கி விக்கி அழுதார். எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் மாமாதான். அத்தையும் அழுதார். அதைப் பார்த்ததும் நைனா எழுந்துபோய் மாமாவின் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா முடிச்சாங்க" என்றார் அத்தை. பிறகு மாமாவைப் பார்த்து, "மீன் கொயம்பு கீது. துன்னுட்டுப் போ" என்றார்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ சேத்துக்கினாளேக்கா. நீயுந்தான அழுத?"

"அவளுக்கு இன்னியோட முடிஞ்சிச்சுப்பா. நான் நாளைக்கும் எய்ந்திருக்கணுமே."

மாமா சாப்பிட்டு முடித்தார். பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். வழிநெடுக வீட்டுக்கு வீடு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட அவருக்காக அழவில்லை.

அத்தை இப்போது இல்லை. ஒரே கதைக்கு ஒரே நேரத்தில் அழுகிற தெருவும் இல்லை. என் மகள் காதில் மாட்டிக்கொண்டு செல்போனில் தனியாகப் பார்க்கிறாள். சில நாள் வேலை முடிந்து நான் வீடு திரும்பும்போது அவள் கண் சிவந்திருக்கும். கேட்டால், "ஒன்னுல்லப்பா, முடிஞ்சிடுச்சு" என்பாள். எது, எப்படி என்று விசாரிக்க எனக்குத் தெம்பு இருப்பதில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் மெதுவாக, முதலிலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள். பாதியிலேயே எனக்குக் கண் சொருகிவிடும்.