குங்குமம் வச்ச கோல்ஃப் பந்து

போன மாசம் எங்க மேனேஜர், அல் கூஸ்ல எங்க கொடோனுக்குப் பக்கத்துல இருக்கிற விளையாட்டுச் சாமான் கடைக்கு என்னை இழுத்துட்டுப் போயி, கோல்ஃப் பந்து அடுக்கி வச்சிருந்த அலமாரி முன்னாடி நிறுத்தி, "எதை எடுக்கலாம், நீங்க சொல்லுங்க"ன்னாரு. என் தொப்பையைப் பார்த்த யாரும் என்னை ஆட்டக்காரன்னு நெனைக்க மாட்டாங்க. நரைச்ச தலைக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். ஆனா எனக்கு உள்ளங்கை வேர்த்துப்போச்சு. கடை ஏசியில மத்தவங்க நடுங்குறாங்க, எனக்கு மட்டும் வேர்க்குது. ஏன்னு அவருகிட்ட சொல்லலை. சூடு பட்ட கதையை சம்பளம் குடுக்கிறவங்ககிட்ட சொல்லக்கூடாது.

அப்ப எனக்கு ஒன்பது வயசு. இதே அரபு நாட்டுல, புஜைராவுல இருந்தோம். இருந்தோம்னு சொல்றதே கொஞ்சம் ஜாஸ்தி. அப்பா எண்ணெய் டேங்க் யார்டுல ஸ்டோர்கீப்பர். நானும் அம்மாவும் புதுக்கோட்டைப் பக்கத்துலேருந்து விசிட் விசாவுல வந்து ஒட்டிக்கிட்டவங்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு வந்ததால எனக்கு அது சொர்க்கமா இருந்துச்சு. ஆனா விசா முடியப் போகுது. ஃபேமிலி விசா கெடைச்சா மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம். கெடைக்கலைன்னா நானும் அம்மாவும் ஊருக்கு, அப்பா பழையபடி கேம்ப்ல அடுக்குக் கட்டிலுக்கு. அதுக்கு அப்பாவோட மேனேஜர் ஒரு கையெழுத்துப் போடணும். வீட்டுல சோறு திங்கும்போதும் அந்தக் கையெழுத்தைப் பத்தித்தான் பேச்சு.

மேனேஜர் வெள்ளைக்காரர். எங்க சித்தப்பாதான் அவருக்கு டிரைவர், அதனால சித்தப்பா சொல்ற மாதிரியே எங்க வீட்டுல மேனேஜருக்குப் பேரு "தொரை". தொரை வெள்ளிக்கிழமை தவறாம கோல்ஃப் ஆடுவாரு. கூட ஆடுறவரு லீவுல போயிட்டதால ஒரு நாள் ஸ்டோருக்கு வந்து அப்பாகிட்ட, நீ ஆடுவியான்னு கேட்டிருக்காரு. அப்பா வாயில தொரையைப் பார்த்தா ஒரே சொல்லுதான் வரும். எஸ் சார்னுட்டாரு. தொரை போனப்புறம்தான் எதுக்கு எஸ் சொன்னோம்னு யோசிச்சிருக்காரு.

வீட்டுக்கு வந்து சொன்னப்ப அம்மா கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுபோச்சு. அப்பா வாழ்க்கையில கபடி கூட ஆடினதில்லை. சித்தப்பா மட்டும் துள்ளிக் குதிச்சாரு. அவரு கோல்ஃபை முழுக்கக் கார் கண்ணாடி வழியா பார்த்தே கத்துக்கிட்டவரு.

"அண்ணே, சாமியே வழி விட்டிருக்கு. கூட நடக்கணும், நல்லா தோக்கணும். தோத்துக்கிட்டே விசாவைப் பத்தி ஒரு வார்த்தை போடணும். அவ்வளவுதான் ஆட்டம். அதுக்கு ஒரு வாரம் பயிற்சி போதும்."

"தோக்குறதுக்கு எதுக்குடா பயிற்சி," ன்னாரு அப்பா.

"ரொம்ப மட்டமா தோத்தா அவருக்கு எரிச்சல் வரும்ணே. பதமா தோக்கணும்."

அந்த வாரம் முழுக்க டூட்டி முடிஞ்சு வந்ததும் சித்தப்பா இரவல் வாங்கிக் குடுத்த மட்டையோட, யார்டுக்குப் பின்னாடி சாயங்காலத்துல பதமா தோக்கப் பயிற்சி நடந்துச்சு. அப்பா வீசுன வீச்சுல மட்டை மட்டும் போச்சு, பந்து போகலை.

அப்புறம் பந்து தேர்ந்தெடுக்கிற வேலை வந்துச்சு. சித்தப்பா ஒரு பெயிண்ட் வாளி நெறைய பந்து கொண்டாந்து அடுப்படியில கொட்டினாரு. எல்லாம் ஆடுறவங்க தொலைச்சதை மணல்ல பொறுக்கினது. அம்மா பேப்பர் விரிச்சு உக்காந்தாங்க. கத்திரிக்காய் வாங்குறப்ப எப்படிப் பார்ப்பாங்களோ அப்படி ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பி, கீறல் இருக்கான்னு பார்த்து, காதுகிட்ட வச்சு ஆட்டி, கடைசியில மோந்தும் பார்த்தாங்க. நான் தரையில போட்டு எது ஜாஸ்தி எகிறுதுன்னு சோதனை பண்ணினேன். எகிறினது ஒண்ணு சாம்பார்ல விழுந்து, சோதனை அதோட முடிஞ்சுது.

நான் ஆரஞ்சுக் கலர்தான் வேணும்னேன். மணல்ல வெள்ளைப் பந்து தெரியாது, ஆரஞ்சுன்னா பளிச்சுன்னு தெரியும்னு சித்தப்பாவும் சொன்னாரு. அம்மா ஒத்துக்கலை. பெரிய மனுஷரோட ஆடப் போறப்ப திருவிழாக் கடை பந்து மாதிரி கொண்டு போறதான்னு கேட்டாங்க. தொரை எந்தப் பந்துல ஆடுறாரோ அதே பந்துதான் மரியாதைன்னு முடிவாச்சு. சித்தப்பா வாளியைக் கெளறி, கார்ல கெடக்கிற தொரையோட பந்து டப்பாவுல பார்த்த அதே கம்பெனி, அதே நம்பர் போட்ட வெள்ளைப் பந்தா பொறுக்கி வச்சாரு. சிலதுல வெயில்ல மங்கின ஒரு சிவப்புக் கறை இருந்துச்சு. அம்மா ஸ்டீல் நாரும் சோப்பும் போட்டு அதையெல்லாம் தேய்ச்சு எடுத்துட்டாங்க. அழுக்கோட எதையும் வெளிய அனுப்புற பழக்கம் எங்க வீட்டுல இல்லை.

வெள்ளிக்கிழமை விடிஞ்சு நான் எழுந்தப்ப, பந்தெல்லாம் சாமி படத்துக்கு முன்னாடி எவர்சில்வர் தட்டுல வரிசையா உக்காந்திருந்துச்சு. ஒவ்வொண்ணு நெத்தியிலயும் ஒரு குங்குமப் பொட்டு. வழுவழுப்புல ஒட்டலைன்னு ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைச்சு வச்சிருந்தாங்க. புதுசா எது வீட்டுக்கு வந்தாலும் பொட்டு வைக்கிற கை அது. ஃபிரிட்ஜுக்கு வச்சாங்க, இஸ்திரிப் பெட்டிக்கு வச்சாங்க, பந்தை விடுவாங்களா. அப்பா எடுத்துப் பையில போட்டாரு.

என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. அங்க போயி எனக்கு முதல் அதிர்ச்சி, புல்லே இல்லை. சும்மா கெடந்த மணல்ல ஆடுறவங்களே கொடி நட்டு வச்ச மைதானம். குழியைச் சுத்தி மட்டும் எண்ணெய் ஊத்தி, நம்ம களத்துமேடு மாதிரி கெட்டியாக்கி வச்சிருந்தாங்க. மத்தபடி ஆளுக்கு ஒரு முழம் பச்சைப் பிளாஸ்டிக் புல்லு. பந்து எங்க விழுந்தாலும் அதை விரிச்சு, மேல பந்தை வச்சு அடிக்கணும். அப்பாவோட புல்லு என் தோள்ல. எங்கப்பாவுக்கு நான் புல்லு சுமந்தவன்னு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம்.

அப்பா பிரமாதமா தோத்தாரு. வேணும்னு ஒண்ணும் பண்ண வேண்டியிருக்கலை. பொட்டு வச்ச பந்தெல்லாம் ஒவ்வொண்ணா முள்ளுக்குள்ளயும், வாடின்னு சொல்ற காஞ்ச ஓடைக்குள்ளயும் போயி மறைஞ்சுது. தொரை ரொம்ப உற்சாகமா இருந்தாரு. முட்டியை மடக்கு, தலையைத் தூக்காதேன்னு சொல்லிக்கிட்டே வந்தாரே தவிர, அப்பாவோட பந்தை ஒரு தடவை கூடக் குனிஞ்சு பார்க்கலை. சித்தப்பா ரெண்டு பேர் பையையும் சுமந்துக்கிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடிச்சாரு. எல்லாம் சரியாப் போகுதுன்னு அர்த்தம்.

கடைசிக் குழிக்கு நடக்கிறப்ப சித்தப்பா பின்தங்கி முள்ளுல பந்து தேடிக்கிட்டிருந்தாரு. அப்பா ரொம்ப மெதுவா, கையைக் கட்டிக்கிட்டு, விசா பேச்சை எடுத்தாரு. எனக்கு ஃபேமிலிங்கிற வார்த்தை மட்டும் பிடிபட்டுச்சு. தொரை நின்னு, சிரிச்சு, அப்பா தோளைத் தட்டி, "நெக்ஸ்ட் இயர், மை ஃபிரெண்ட், நெக்ஸ்ட் இயர்"னாரு. சொல்லிட்டுப் பாக்கெட்டுலேருந்து புதுப் பந்து ஒண்ணு எடுத்து, எப்படி இருக்குங்கிற மாதிரி வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தாரு. தோளைத் தட்டினதைப் பார்த்து நான் காரியம் முடிஞ்சுதுன்னு குஷியாயிட்டேன். அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்து, "புல்லைப் போடுடா"ன்னாரு.

அந்தக் குழி ஒரு மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம். இங்கேருந்து கொடித் துணி மட்டும்தான் தெரியும். அதுக்குள்ள சித்தப்பாவும் பைகளோட வந்து சேர்ந்துட்டாரு. தொரை அடிச்ச பந்து மேட்டைத் தாண்டிப் போச்சு. அப்பா பையில மிச்சம் இருந்த பந்தை எடுத்து வச்சாரு. அடிச்சாரு. அன்னிக்கு முழுக்க வராத ஒரு சத்தம் வந்துச்சு. சுள்ளுனு. அதுவும் மேட்டைத் தாண்டிப் போச்சு. அப்பாவே மட்டையைத் திருப்பிப் பார்த்தாரு.

மேடேறிப் பார்த்தா, குழிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பந்து சமத்தா உக்காந்திருக்கு. இன்னொண்ணு தூரத்துல முள்ளுச் செடிக்கு அடியில. தொரை ஓடிப்போயி குழிப் பக்கத்துல குனிஞ்சு பார்த்தாரு. சிவப்புப் பொட்டு. ரெண்டு கையையும் மேல தூக்கினாரு. தன் பந்து எதுன்னு தெரியறதுக்கு அவரும் பேனாவால சிவப்புப் பொட்டு வைக்கிறவருங்கிற விஷயம் எங்களுக்கு அப்பதான் தெரியுது. காருக்குள்ள உக்காந்து பார்த்தா பொட்டு தெரியாது இல்லையா. சித்தப்பா பைகளைக் கீழ வச்சுட்டுக் கை தட்டினாரு. கூட நானும் தட்டினேன்.

அப்பா முள்ளுச் செடிக்குப் போயி அங்க கெடந்ததை எடுத்தாரு. அதுலயும் சிவப்புப் பொட்டு. கட்டை விரலால தேய்ச்சாரு. இன்னொரு தடவை அழுத்தித் தேய்ச்சாரு. போகலை. விரல் சுத்தமா இருந்துச்சு. சித்தப்பாவுக்கும் அது தெரிஞ்சுபோச்சு. முகம் வெளுத்துப்போயி, அப்பாவைப் பார்த்து வேணாம் வேணாம்னு தலையை மட்டும் ஆட்டினாரு. நான் புல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பா நேரா குழிக்கு வந்தாரு. குனிஞ்சாரு. அங்க இருந்த பந்தோட பொட்டு மேல கட்டை விரலை வச்சு ஒரு இழுப்பு. பொட்டு பந்து முழுக்க ஈஷிக்கிச்சு. விரலைத் தொரை முகத்துக்கு நேரா நீட்டினாரு. வளைகாப்பு வீட்டுக்குப் போயிட்டு வந்த விரல் மாதிரி செவசெவன்னு இருந்துச்சு.

"நோ சார். மை பால் சார்."

எங்கப்பா வாயிலேருந்து அந்த நோ வந்த நிமிஷத்தை இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு முதுகு சிலிர்க்குது. அந்த ஆளுக்கு அந்த வார்த்தை தெரியும்னே எனக்குத் தெரியாது. சித்தப்பா மணல்ல உக்காந்துட்டாரு. தொரை விரலைப் பார்க்கிறாரு, பந்தைப் பார்க்கிறாரு, ரத்தமோன்னு பயந்து அப்பா கையைப் பார்க்கிறாரு. "மை வைஃப் சார். ஃபார் காட்," ன்னு அப்பா விளக்கம் குடுத்தாரு. அதைக் கேட்டதும் தொரை மூஞ்சி இன்னும் குழம்பிச்சு. முள்ளுலேருந்து வந்த பந்தை வாங்கி அவரும் தேய்ச்சுப் பார்த்தாரு. அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்னு, சரி, உள்ள தள்ளுங்கிற மாதிரி கையைக் காட்டினாரு.

ஒரு சாண் தூரம். அது தப்பிப் போகணும்னு சித்தப்பா கண்ணை மூடி வேண்டிக்கிட்டது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. உள்ள விழுந்துச்சு. தொரை கை குடுத்தாரு. அவரு கையிலயும் குங்குமம் ஒட்டிக்கிச்சு.

தொரையை இறக்கி விட்டப்புறம் சித்தப்பாவால அடக்க முடியலை. "ஒரு பந்துக்காகவாண்ணே? பொண்டாட்டி புள்ளையை விட அது பெருசா?" அப்பா ஜன்னல் வழியா டேங்குகளைப் பார்த்துக்கிட்டு வந்தாரு. "அது என் பந்துடா"ன்னாரு. விசாவுக்குத் தொரை முன்னாடியே நெக்ஸ்ட் இயர்னு சொல்லிட்டதை அப்பா சொல்லவே இல்லை. சித்தப்பா அன்னிக்கு முழுக்கத் திட்டிக்கிட்டே இருந்தாரு, அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு.

வீட்டு வாசல்ல அம்மா, "என்னங்க ஆச்சு"ன்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, "அப்பா ஜெயிச்சுட்டாரு"ன்னு கத்தினேன். அம்மா அப்பா முகத்தைப் பார்த்தாங்க. பீரோ மேல இருந்த பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினாங்க. எனக்குத் தலைகால் புரியலை. ஜெயிச்ச பரிசா எல்லாரையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். தொரை நல்லவருன்னு கூடச் சொன்னேன்.

விசா முடியறதுக்குள்ள எங்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வந்து விட்டாங்க. அப்பா தடுப்புக்கு அந்தப் பக்கமே நின்னுட்டாரு. ஏதோ பேப்பர் வேலை இருக்கும், முடிச்சுட்டு ஓடி வருவாருன்னு நெனச்சேன். பிளேன்ல எங்களுக்குப் பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. நான் ஊர் பஸ்ல பண்ற மாதிரி என் துண்டை எடுத்து அதுல போட்டு அப்பாவுக்கு இடம் பிடிச்சு வச்சேன். கதவைச் சாத்தினாங்க. அம்மா அந்தத் துண்டை எடுடான்னு சொல்லவே இல்லை.