அந்த அக்கா குனிந்த தூரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, இடுப்பு வலிக்காரர்களின் வீடுகளுக்குப் போய்ப் படிவம் நிரப்புவது. வெளியூர் மருத்துவமனை ஒன்று திருவண்ணாமலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. வருடக்கணக்கில் வலியோடு வயல்வேலை செய்கிற பெண்களுக்கு மாத்திரையைக் குறைத்து, உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று அங்கே ஆராய்ந்தார்கள். வாரம் ஒரு முறை நான் போய் அவர்களைப் பயிற்சி செய்யவைத்து, நெல் அளக்கும் மரக்கால் நிறைய வலி என்று வைத்துக்கொண்டால் இப்போது எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லி, விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும்.

அடி அண்ணாமலையில் என் பொறுப்பில் ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியும் களை எடுத்தும் இடுப்பு பிடித்துப்போனவர். படுத்தபடி முழங்காலை மார்போடு அணைப்பது எப்படி என்று முதல் நாள் நான் செய்து காட்டியபோது சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தினமும் செய்தார். இரண்டு மாதத்தில் வலி கொஞ்சம் இறங்கவும் செய்தது.

சித்திரையில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போக முடியவில்லை. அதை அலுவலகத்தில் சொல்லியிருக்கலாம். முந்தைய படிவத்தைப் பார்த்து, வலியைக் கொஞ்சம் குறைத்து நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் காய்ச்சல் இல்லை. தோழியோடு மேட்னி ஷோவுக்குப் போனேன். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து எழுதி எழுதியே அவரைக் குணப்படுத்திவிட்டேன்.

படிவங்களைப் பார்த்ததும், ஆராய்ச்சியை நடத்திய டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. வெளியூரிலிருந்து வரும் மருத்துவர்களுக்குக் காட்ட வேண்டும், அந்த அம்மாவை அழைத்து வா என்றார். போனேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். நான் வராததால், தப்பாகச் செய்து இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயந்து பயிற்சியையே விட்டுவிட்டாராம். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நான் செய்ததையெல்லாம் சொன்னேன். பஸ் வந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

மருத்துவர்கள் சுற்றி நின்றார்கள். வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"கம்மியாயிடுச்சுங்க," என்றார் அக்கா.

குனியச் சொன்னார்கள். குனிந்தார். விரல்கள் தரையைத் தொட்டன. அளப்பதற்கு டேப்போடு பக்கத்தில் மண்டியிட்டிருந்த எனக்கு மட்டும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நிமிர நேரமானது. அதற்குள் மருத்துவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உனுக்கு வேல போயிடும் இல்லம்மா. எனுக்கு இந்த வலி புதுசா இன்னா?"

குணமானவர் என்று எழுதி அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி யாரும் அவர் வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "இத நம்பி இன்னும் எத்தன பேருக்கு வைத்தியம் பண்ணுவாங்கன்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு நான் எழுதிய படிவங்கள் அத்தனையையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார். என் பொறுப்பில் இருந்த மற்றப் பெண்கள் சொன்னதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் எது உண்மை என்று அவர் எப்படி நம்புவார்? வெயிலில் வேலையை விட்டுவிட்டு வந்து, குனிந்து, நிமிர்ந்து அவர்கள் சொன்ன வலியெல்லாம் என்னால் வீணாயிற்று.

என் வேலை போனது. அக்காவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க டாக்டர் வேறொரு பெண்ணை அனுப்பினார். மழைக்காலம் முடிந்து நான் பார்க்கப் போனபோது அக்கா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். வலி முழுக்கப் போகவில்லை, ஆனாலும் அரை நாள் களை எடுக்க முடிகிறது என்றார். மோர் கொடுத்தார். வேறு வேலை கிடைத்ததா என்று கேட்டார்.

கிடைத்துவிட்டது என்றேன். அப்போது கிடைத்திருக்கவில்லை.