கிள்ளான் ரயிலில் வராதவர்கள்

மாலை ஐந்து நாற்பதுக்குக் கிள்ளான் ரயில் கோலாலம்பூரில் வந்து நின்றது. என் மகளும் மாப்பிள்ளையும் அதிலிருந்து இறங்கவில்லை.

கல்யாணமான கையோடு பினாங்கு, சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டு, கடைசியாகக் கிள்ளானுக்குத் தெற்கே இருக்கும் மோரிப் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். பினாங்கில் மலை ரயில் ஏறியதையும் சிங்கப்பூரில் ரிக்‌ஷாவில் நனைந்ததையும் தபாலட்டைகளில் படித்துச் சிரித்தவள்தான் நான். மோரிப் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே கடல் வெகுதூரம் உள்வாங்கும். ஈர மணலில் நடந்து போனவர்களை அது திரும்பிவந்து சூழ்ந்துகொள்ளும் என்பார்கள். மகளுக்கோ நீச்சல் தெரியாது.

"அடுத்த வண்டியில வந்துடுவாங்க, சும்மா இரு," என்றார் என் கணவர். அவர் ரயில்வேக்காரர், எங்கள் வீட்டில் யாரும் ரயிலைத் தவிர வேறெதிலும் ஊர் திரும்பியதில்லை. அடுத்த வண்டியிலும் அவர்கள் இல்லை.

விளக்கேற்றும் நேரத்தில் மகள் பிளாட்பாரத்தில் ஓடிவந்தாள், பின்னாலேயே மாப்பிள்ளை. கிள்ளானில் வாடகைக் கார் பிடித்து, நாங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிய சற்று நேரத்திலேயே பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்; வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு, எங்களைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்தார்களாம்.

"எங்கம்மா போனீங்க? பூட்டுன வீட்டைப் பாத்துப் பயந்தே போய்ட்டேன்! இந்த வயசுல ரெண்டு பேரும் சொல்லாம கொள்ளாம ஊர் சுத்தலாமா?" என்றாள்.