மாத்திரைப் பங்கு

அவன் இன்னும் மத்தியானத்தில்தான் வருகிறான். பழவேற்காடு பஜாரில் மற்ற கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். நான் மருந்துக்கடைக்குள் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பேன். கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போலிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் ஆள் இருக்காது. பேய் பிசாசு என்று பயப்படுகிறவள் இல்லை நான். மருந்தியல் படித்தவள், அனுப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவளுக்குப் பயப்பட நேரமும் கிடையாது. ஆனாலும் அந்த நேரத்தில் டப்பாவைத் திரும்ப மூடி வைத்துவிடுகிறேன்.

எனக்கு முதலில் பழக்கமானவள் அவனுடைய அக்காதான். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து தலையில் கூடையோடு மீன் விற்க வருவாள். என் கடை வாசலில் கூடையை இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷனும் தம்பியும் ஒரே ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள். ஒரு நாள் படகைத் தண்ணீரில் தள்ளும்போது அலை திருப்பி அடித்து, படகின் விளிம்பு புருஷனின் முதுகில் மோதிவிட்டது. பொன்னேரி டாக்டர் கடுமையான வலி மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். சீட்டில்லாமல் விற்கக்கூடாத மாத்திரை. பழகிவிட்டால் ஆளை விடாது.

அக்கா சீட்டோடு வந்தாள். கொடுத்தேன். ஒரு மாதத்துக்குத் தந்தது ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிட்டது என்று மறுபடியும் வந்து நின்றாள்.

"எப்படிக்கா தீரும்? ஒரு நாளைக்கு எத்தனை போடுறார்?"

"அவரா? காலைல ஒண்ணு, ராவுக்கு ஒண்ணு. மிச்சம் பங்குக்குப் பூட்சு."

"எந்தப் பங்கு?"

என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற சிரிப்பு. குப்பத்தில் மீன் பங்கு பிரிப்பதைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அடிபட்டு வீட்டில் கிடக்கிறவனுக்கும் அவன் பங்கு வீடு தேடி வந்துவிடும். அந்த நியாயம் நம் ஊர் ஆபீஸ்களில்கூட இல்லை.

"படகு ஆளுங்க வலை இஸ்து வலை இஸ்து நோவுறாங்கோ. நம்ம வூட்டுக்கு மீன் பங்கு வருது. நம்ம வூட்ல மாத்திரை கீது. குட்க்காம எப்பிடி துன்றது?"

திருட்டும் இல்லை, பொய்யும் இல்லை. மீனை வாங்கிக்கொண்டு மருந்தைப் பதுக்கினால்தான் அவர்கள் கணக்கில் குற்றம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். அவரும் நானுமாக ஒரு ஏற்பாடு செய்தோம். இனி நாலைந்து நாளைக்கு மட்டும்தான் மாத்திரை. காலி அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் அடுத்தது. கொடுத்ததற்கு அடையாளமாகச் சீட்டின் மேலேயே சீல். அதே சீட்டை இன்னொரு கடையில் நீட்ட முடியாது.

அது மட்டும் போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கே போனேன். படகு ஆட்கள் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மீன் எல்லா உடம்புக்கும் ஒன்றுதான், மருந்து ஒரு உடம்புக்கு அளந்தது என்று சொன்னேன். ஒருவர் கேட்டார்: "போட்டா நோவே தெரியலியேம்மா, அதுல இன்னா கெடுதல்?" நோவு தெரியாமல் இழுத்தால் உடம்பு அறுந்து போனதும் தெரியாது என்றேன். நிறுத்தியபோது இரண்டு மூன்று பேருக்கு உடம்பு முறுக்கியது, தூக்கம் வரவில்லை. டாக்டரிடம் அனுப்பினேன், தேறிவிட்டார்கள். அக்காவின் தம்பி, அவன் மட்டும் தேறவில்லை.

அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மத்தியானத்தில் வருவான். கண்மணி கடுகு போலச் சுருங்கியிருக்கும். பேசும்போதே முழங்கையைச் சொறிவான். மாத்திரை கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், கொட்டாவி விடுவான், சட்டை வேர்வையில் ஒட்டியிருக்கும்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு குடு."

"மாத்திரை கிடையாது. வா, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். இதற்கென்றே வார்டு இருக்கிறது. யாரும் உன்னைக் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள்."

"நாளிக்கு வரேங்க்கா."

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டான். ஆனால் மறுநாள் மத்தியானம் மறுபடியும் மாத்திரை கேட்டுக்கொண்டு வந்து நிற்பான். நான் திட்டுவேன், கெஞ்சுவேன், ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுப்பேன். குடித்துவிட்டுப் போய் டச்சுக்காரன் கல்லறைத் தோட்ட வாசலில் உட்கார்ந்துகொள்வான். அங்கே வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். நூற்றுக்கணக்கான வருஷமாக நிற்கிற எலும்புக்கூடு. அதில் சாய்ந்துகொண்டு தூங்குவான். பஸ்ஸுக்குப் போகிற வழியில் பார்ப்பேன்.

மற்ற மருந்துக்கடைகளுக்கும் சொன்னேன். இப்படி ஒரு பையன் வருவான், கொடுக்காதீர்கள், எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று. ஒருவர் சரி என்றார். இன்னொருவர், "நீ இன்னா போலீஸா?" என்றார். ஹைவே பக்கம் எதையும் கேட்காத கடை ஒன்று இருக்கிறது என்று பேச்சு. அதை என்னால் மூட முடியவில்லை. அதிகாரிகளுக்குப் புகார் எழுதிப் போட்டேன், பதில் இல்லை.

அவன் படகிலேயே தூங்கி விழ ஆரம்பித்தான். கடலில் இது ஆபத்து என்று படகு ஆட்கள் அவனை இறக்கிவிட்டார்கள். அவன் நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஏரியில் வலை கட்டிப் பிழைக்கட்டும், அங்கே இடுப்பளவு தண்ணீர்தானே என்று நினைத்தார்கள். கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏரி ஒரு பொருட்டே இல்லை. கேள்விப்பட்டபோது நானும் அப்பாடா என்றுதான் இருந்தேன்.

கடைசியாக வந்த அன்று அவனாகவே சொன்னான்: "திங்கக்கெழம போலாம்க்கா. எங்க நைனாவுக்காக கோயில்ல பிரார்த்தனை ஒண்ணு கீது, அத்த முடிச்சிட்டு வந்துடறேன்." முதல் முறையாக ஒரு கிழமையைச் சொல்லியிருந்தான். நான் நம்பினேன். ஆஸ்பத்திரிக்கும் பேசி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியில் வலை கட்டும் குச்சியைப் பிடித்தபடியே குப்புறக் கிடந்தான். தண்ணீர் இடுப்புக்குக்கூட இல்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே என்றார்கள். நின்றிருந்தால் போதும். சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. என் கடையில் வாங்கியது இல்லை. அதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

அன்றிலிருந்துதான் அவன் மத்தியானத்தில் இப்படி வருகிறான். சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் சட்டை ஈரமாக, கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான்.

காரியத்துக்கு முந்தின நாள் அக்கா வந்தாள். கூடை இல்லை. இளைத்துப் போயிருந்தாள். மேஜை மேல் இரண்டு கையையும் வைத்து நின்றாள்.

"நாளிக்கு தம்பிக்குப் படையல். அவனுக்குப் பிடிச்சது எல்லாம் வெக்கணும். மீன் கீது, பிரியாணி சொல்லியாச்சு, பீடி வாங்கிட்டேன்." என் பின்னாலிருந்த அலமாரியைப் பார்த்தாள். "அந்த மாத்திரை ஒண்ணு குடும்மா. ஒண்ணே ஒண்ணு. சாவுறப்போ அத்தத்தானே தேடினான். அது இல்லாம படைச்சா அவன் துன்ன வரமாட்டான்."

செத்தவனுக்குப் பிடித்ததை வைப்பதுதான் படையல். சாராயம் வைக்கிறார்கள், சுருட்டு வைக்கிறார்கள். அவள் கேட்டதில் அவர்கள் வழக்கப்படி ஒரு தப்பும் இல்லை. கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவனும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பது போலிருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. படையலை யாரும் எறிய மாட்டார்கள். செத்தவன் சாப்பிட்டான் என்று கற்பூரம் காட்டி முடித்ததும் வீட்டு மனுஷர்கள் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள்.

"படையல் முடிந்ததும் அந்த மாத்திரை யாருக்குப் போகும் அக்கா?"

தலையைக் குனிந்துகொண்டாள். வலது கை மெதுவாக இடது முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். வாசல் நிழலில் நிற்கிற ஆளுக்குக் கண்மணி விரிந்திருக்க வேண்டும். கடுகாகச் சுருங்கியிருந்தது.

அவள் புருஷன் முதுகு வலி கொஞ்சம்கூடக் குறையவில்லை என்று டாக்டரிடம் புலம்பிக்கொண்டே இருந்தான். சரியாகத்தானே தருகிறோம் என்று டாக்டரும் நானும் குழம்பியிருந்தோம். காலி அட்டை தவறாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தது இவள்தான். இடுப்புக்குத் தைலம் வேண்டுமா என்று நான் எப்போதோ கேட்டபோது, "எனுக்கு இன்னாத்துக்கு, நான் கடலுக்கா போறேன்?" என்று சிரித்தவளும் இவள்தான்.

"யாருக்குப் போகும்?" என்று மறுபடியும் கேட்டேன்.

"எனுக்குத்தாம்மா" என்றாள்.

மேஜையைச் சுற்றி வெளியே வந்து அவள் கையைப் பிடித்தேன். வேர்வையில் சில்லென்றிருந்தது.

"நாளிக்கு வரேன்மா. தம்பி காரியம் முடியட்டும்."

"நாளைக்கு வேண்டாம். எனக்கு அந்த வார்த்தையே வேண்டாம். இப்போதே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பொன்னேரியில் ரயில் பிடித்தால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்த மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். நான் கூடவே இருக்கிறேன்."

ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். சாப்பிடாத டிபன் டப்பா உள்ளேயே இருந்தது. பொன்னேரி பஸ் நின்றிருந்தது, ஏறினோம். கல்லறைத் தோட்டம் தாண்டும்வரை அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வாசலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"அப்போ அவனுக்கு இன்னாதாம்மா வெக்கறது?" என்று கேட்டாள்.

"மீன் வையுங்கள் அக்கா."

"படகு ஆளுங்க இன்னிக்கு அவன் பங்கைக் கொண்டாந்து வூட்ல வெச்சிட்டுப் போனாங்கோ" என்றாள். "படகைவிட்டு எறக்கிவிட்டாங்களே, அப்பறம் இன்னா பங்குனு கேட்டேன். அவன் பங்கு அவனுக்குத்தானேனு சொன்னாங்கோ."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். தம்பி செத்த அன்றுகூட அவள் அழவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பொன்னேரி வரும்வரை அழுதாள். நான் கையை விடவில்லை.