சேலைத் துணியில் கட்டிய மூன்று பைண்டு

பூனா கேம்ப்பில் இர்பான் கடை வாசலில் ஒரு டெம்போ நிறையத் தமிழ்ப் புத்தகம் வந்து இறங்கியிருக்கிறதாம் என்று டீக்கடையில் சிநேகிதர் டேனியல் சொன்னதும் கலியன் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். டேனியல் கண்ணால் பார்க்கவில்லை. அவர் மச்சினனும் பார்க்கவில்லை. மச்சினனோடு சர்ச்சில் பாடுகிற யாரோ ஒருவர் ஆட்டோவில் போகும்போது பார்த்தாராம்.

"போன தபாவும் இப்படித்தான் சொன்னீங்க. போயிப் பாத்தா அத்தினியும் மலையாளத்துல ஹோமியோபதி."

"நம்பினா போங்க. நம்பாட்டி டீயக் குடிங்க," என்றார் டேனியல்.

கலியன் டீயைக் குடிக்கவில்லை.

ஆரணியில் எட்டாவது முடித்த கையோடு பூனாவுக்கு வந்தவர் அவர். ஒன்பதாம் வகுப்பு இந்தியில். அப்புறம் கட்கியில் தொழிற்சாலை வேலை. முப்பத்தாறு வருடம் மரப்பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து எண்ணும் எழுத்தும் அடித்தார். ஒரு பெட்டியில்கூடத் தமிழ் இல்லை. கடைத்தெருவுக்கு மராத்தி, ஆபீசருக்கு இந்தி, தமிழ் வீட்டுக்குள் பேசுவதற்கு என்று ஆகிவிட்டது. படிப்பதற்குத் தமிழ் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போபோடியில் பஸ் ஏறிக் கேம்ப்பில் இர்பானின் ரத்திக் கடைக்கு, அதாவது பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டும்.

புதுப் புத்தகம் அவருக்கு ருசிக்காது. ஆள் குடியேறாத வீடு மாதிரி இருக்கிறது என்பார். பழையதில் யாருடைய பஸ் டிக்கெட்டாவது இருக்கும். ரசம் சொட்டிய பக்கம் இருக்கும். 'பரீட்சையில் தேறியதற்கு, மாமா' என்று நீல மசியில் இருக்கும். யாரோ படித்துக்கொண்டிருந்த இடத்தில் நாமும் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இர்பானுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. உருண்டையாக இருப்பதெல்லாம் கலியன் அண்ணா எழுத்து என்பது அவன் கணக்கு. தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று வருவதையெல்லாம் ஒரே சாக்கில் போட்டு வைப்பான். அதற்குள் கையை விட்டுத் துழாவுகிற அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் கலியன் வாரம் பூராவும் காத்திருப்பார்.

வீட்டில் மனைவி பவுன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரு புத்தகம் உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். "எலி நொழையறதுக்கே எடமில்ல, இவுருக்குக் கதை நொழையணும்," என்பாள். அதனால் அவர் போகும்போதே பையில் ஒரு பலி இருக்கும்.

கடைக்குப் போய்ப் பார்த்தால் டெம்போ ஒரு சாக்காகச் சுருங்கியிருந்தது. அதில் தமிழ் என்று இருந்தது ஒரே ஒரு கட்டு. பழைய சேலையைக் கிழித்து, குறுக்கும் நெடுக்கும் கட்டி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே மூன்று பைண்டு. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, வீட்டிலேயே ஊசிநூலால் தைத்து, அட்டை ஒட்டியது. முடிச்சுக்கு அடியில் காலண்டர் அட்டைத் துண்டு ஒன்று செருகியிருந்தது. பென்சில் எழுத்து:

'ஜெயந்த், இந்த மூன்றும் என்கூட வரணும். இதைப் போட்டுவிடாதே.'

"அதுல என்ன எழுதியிருக்கு அண்ணா?" என்று இர்பான் இந்தியில் கேட்டான்.

"கதையோட பேரு," என்றார் கலியன். அவர் வாய்தான் சொன்னது.

இர்பான் தானாகவே மீதியைச் சொன்னான். வீட்டைக் காலி பண்ணி அம்மாவைப் பிம்ப்ரிக்குத் தன்னோடு அழைத்துப் போகிற பையன் கொண்டுவந்து போட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். "இவ்வளவு ஒழுங்காக் கட்டி, சீட்டும் வச்சிருக்காங்க, கடைக்குன்னுதான் எடுத்து வச்சிருக்காங்கன்னு சொன்னான். மத்தப் புத்தகத்தையெல்லாம் பத்திரமாப் பெட்டியில போட்டு அம்மாகூட அனுப்பிட்டானாம்."

கலியன் பையிலிருந்த பலியைக் கொடுத்தார். கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"மூணு வந்திருக்கு, ஒண்ணுதான் போயிருக்கு," என்றாள் பவுன்.

"ஒரே கதை. மூணு பாகம். ஒண்ணாத்தான் கணக்கு."

"நல்லாக் கத்துனு வந்திருக்க."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளைச் சமாதானப்படுத்தவே முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்தார். தந்தி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவளுக்கு வர வேண்டிய தந்தியையே அவள் மறைக்கிறாள். பவுன் கீரையை விட்டுவிட்டாள். திங்கட்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்தபோது, "இரு, அந்தத் தந்திக்காரி கதவத் தொறந்தாளான்னு சொல்லிட்டுப் போ," என்றாள். இரண்டே நாளில் முதல் பாகம் முடிந்தது. காலண்டர் அட்டையைக் கலியன் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டாம் பாகத்தின் நடுவில் அச்சு நின்று போய்க் கையெழுத்து வந்தது. ஒரு முழு அத்தியாயம், ரூல் போட்ட தாளில், காலண்டர் அட்டையில் இருந்த அதே எழுத்து. ஓவியத்தைக்கூட விடவில்லை. தந்திக்காரி ஒரு கண் பெரிசும் ஒரு கண் சிறிசுமாக ஜன்னலில் நின்றாள். அடியில்: 'இந்த வாரப் பத்திரிகை ஊரிலிருந்து வந்து சேரவில்லை. மாடி வீட்டு இதழைப் பார்த்து எழுதியது. சாயங்காலத்துக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினேன். நீலா.'

கலியன் அதையும் சத்தமாகப் படித்துவிட்டார். நிறுத்த முடியவில்லை.

"யாரு நீலா?"

அவர் எழுந்து போய் அட்டையைக் கொண்டுவந்து அதையும் படித்தார். பவுன் அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"உசிரோட இருக்குதா அந்தம்மா?"

"பிம்ப்ரியில. பையன் வீட்ல."

"தேடினு இருக்கும்யா. மூட்டைய பிரிச்சிப் பிரிச்சிப் பாத்துனு இருக்கும். நீ இன்னாடான்னா நாலு நாளா என்னையும் கூட்டு சேத்துனு படிச்சிக்கினு கீற."

"மூணாம் பாகம் ஒண்ணுதான். ரெண்டு நாளு..."

பவுன் எழுந்தாள். சேலைத் துணியைத் தேடி எடுத்து உதறி, மடியில் வைத்துத் தடவி நேராக்கினாள்.

கலியன் இர்பானுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார். "அரே அண்ணா, நீங்களுமா!" என்று சிரித்துவிட்டு அவன் ஜெயந்தின் நம்பரை அனுப்பினான்.

நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. எந்த மொழியில் தொடங்குவது என்று அப்போதுதான் யோசித்தார். அந்தப் பையனிடம், உன் அம்மா எழுதியதை உனக்குப் படிக்க வரவில்லை என்று எந்த மொழியில் சொன்னாலும் வலிக்கும். தப்பாகக் கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை.

"எடுத்தாங்களா?"

"அடிக்குது."

"பையங்கிட்ட வளவளன்னு பேசாத. அம்மாகிட்ட குடுன்னு கேளு."

"கேட்டு?"

"நாளைக்கே ரெண்டு பேரும் கொண்டாந்து குடுக்கறோம்னு சொல்லு. முடிவ அந்தம்மாவே படிச்சிக் காட்டட்டும்."

கலியன் தலையாட்டினார். மூன்றாம் பாகம் அவர் தொடைமேல் மூடியபடி இருந்தது. போனை யாரும் எடுக்காமல் போனால் இன்றைக்கு மட்டும் நாலு பக்கம் படிக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அவருக்கே வெட்கமாக இருந்தது. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். பிம்ப்ரியில் எந்த அறையிலோ மணி அடித்துக்கொண்டே இருந்தது.