முன்னால் நிற்பவளின் மூச்சு

அந்த பாலே பள்ளியில் அவளுக்கு ‘நெட்டைக்கொக்கு’ என்று பெயர். உயரம் வரிசையைக் கெடுக்கிறது என்று சிறுவயதிலேயே கடைசியில் நிறுத்தப்பட்டவள். அங்கிருந்து கண்ணாடி தெரியாது. பியானோவும் தெளிவாகக் கேட்காது. முன்னால் நிற்பவள் மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அதைப் பற்றிக்கொண்டே படிப்பு முடியும்வரை ஆடினாள்.

இப்போது பகலில் செருப்புக் கடையில் பிறர் பாதங்களுக்கு அளவு பார்க்கிறாள். மாலையில் அதே பள்ளியின் சிறுமிகளைக் கொண்டு தன் முதல் நடனத்தை அமைத்தாள். அதில் இசை இல்லை. தாளக் கணக்கும் இல்லை. முன்னால் இருப்பவளின் மூச்சைக் கேட்டு அடுத்தவள் நுனிக்காலில் எழ வேண்டும். அவ்வளவே.

கடையில் தள்ளுபடி நெரிசல். கடைசி ஒத்திகைகளுக்கு அவளால் வர முடியவில்லை. நிகழ்ச்சியன்று பிற்பகல் வந்தபோது ஒலிபெருக்கியில் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. சிறுமிகள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஒருசேர எழுந்தார்கள்.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. “யார் இதை மாத்தினது?”

“நான்தாம்மா,” என்றார் பள்ளியின் நடன மாஸ்டர், நாற்காலியை விட்டு எழாமலே. “ஆளுக்கொரு நேரத்துல எழுந்துச்சுங்க, கொதிக்கிற பானையில மூடி ஆடுற மாதிரி. கொஞ்சம் துடைச்சு வச்சேன்.”

“துடைக்கல சார், அழிச்சுட்டீங்க!”

“அக்கா, நாங்க சொன்னோம்க்கா...” என்று தொடங்கினாள் ஒரு சிறுமி.

“நீ வாயை மூடு!” என்று அதட்டிவிட்டு மாஸ்டர் இவளிடம் திரும்பினார். “முதல் மேடை. நாலு பேர் சிரிச்சா உனக்குத்தான் அவமானம்.”

அவள் நேராக, ஓரமாய் நின்ற நிகழ்ச்சி அறிவிப்பாளரிடம் போனாள். “என் பேரை எடுத்துடுங்க. நடன அமைப்பு மாஸ்டர்னு சொல்லுங்க.”

மாஸ்டர் துள்ளி எழுந்தார். “என் பேரா? இதுக்கா? பாலேன்னா நுனிக்கால்ல நிக்கணும், இதுல பாதி ஆட்டத்துல குதிகால் தரையில கிடக்கு! என்னைத் தெரிஞ்சவங்க என்ன நினைப்பாங்க?”

“அப்போ கெடுக்கறது நீங்க, கெட்ட பேரு எனக்கா? பேர் என்னுதுன்னா ஆட்டமும் என்னுது. கை வைக்காதீங்க!”

அவர் வெளியேறிக் கதவை அறைந்து சாத்தினார். அவள் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

“எண்ணாம எப்படிக்கா? மறந்து போச்சே,” என்றாள் முன்வரிசைச் சிறுமி.

அவள் அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள். ஆத்திரத்தில் மூச்சு மட்டும் அறை முழுக்கக் கேட்கும்படி இரைந்தது.

அதைக் கேட்டு அந்தச் சிறுமி நுனிக்காலில் எழுந்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவள்.