காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், அடிவாரத்து உயர்நிலைப் பள்ளிக்கு முதன்முதலாகப் புறப்படும் முன் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள். பெற்றோரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி எங்கள் அம்மா சொன்னதைக் கேட்டவர்கள். அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. யாரும் கேட்காமலே பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி அனுப்பும் அந்த வேலையை அவர் ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பது உங்களில் சிலருக்கே தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று மகளாகிய நான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ஜமுனாமரத்தூருக்கு மேற்கே காட்டை ஒட்டிய சிற்றூரில். சிறு வயதிலேயே தாயை இழந்து, தம்பிகளை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி. அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தபோது கொஞ்சம் மேட்டு நிலமும் சில புளிய மரங்களும்தான் இருந்தன. சாமை விளைந்தால் சோறு, மழை ஏமாற்றினால் காட்டுக் கிழங்கு. அந்தப் பஞ்ச காலத்திலும் வாசலில் வந்து நின்றவரை அவர் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் அண்ணன் மலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்தார். அதற்கு மேல் மலையில் வகுப்பு கிடையாது. முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படிக்க அடிவாரத்துக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அப்படி யாரும் போனதில்லை. "பையன் நல்லா படிக்கிறான், வீணாக்கிடாதீங்க" என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா தயங்கினார். அம்மாதான் அனுப்பலாம் என்றார்.

என்ன கொடுத்து அனுப்புவது என்று யாரைக் கேட்பது? ஒரு மூட்டை சாமை அரிசி, புளி, ஒரு போர்வை, சந்தையில் வாங்கிய புதுத் துண்டு, அவ்வளவுதான் தெரிந்தது. ஹாஸ்டலில் எல்லாரும் பொத்தான் வைத்த கால்சட்டையும் சட்டையும் போட்டிருந்தார்கள். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். அண்ணனின் பேச்சைக் கேட்டுப் பையன்கள் சிரித்தார்கள். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆடி மாதத்தில் அம்மா பார்க்கப் போனார். அண்ணன் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டார்.

"வூட்டுக்கு வர்றேம்மா."

"லீவு வரட்டும் கண்ணு. அப்பா வந்து கூட்டியாருவாரு."

"இன்னிக்கே வர்றேன்."

அம்மா அந்த விரல்களைப் பிரித்து எடுத்தார். எந்தத் தாயும் சொல்வதைத்தான் சொன்னார்: "யாரு கிட்டயும் வம்புக்குப் போவாத. யாரையும் தொந்தரவு பண்ணாத. சொன்ன பேச்ச கேட்டுகினு இரு." பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். திரும்பினால் கூட்டி வந்துவிடுவேன் என்று பயமாக இருந்ததாம்.

அண்ணன் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டபோது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் படுத்திருக்கிறான் என்று மற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். நினைவு தப்பிய பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சந்தைக்கு வந்த ஒருவர் மூலம் செய்தி மலை ஏறுவதற்குள் மேலும் சில நாட்கள் போய்விட்டன.

அம்மாவும் அப்பாவும் கேட்ட உடனே ஓடினார்கள். வழியில் காட்டாறு கரை புரண்டு ஓடியது. அன்று முழுவதும் மழையில் நனைந்தபடி கரையில் நின்றார்கள். அம்மா இரண்டு முறை தண்ணீரில் இறங்க, அப்பா இழுத்துப் பிடித்திருக்கிறார்.

"வுடுய்யா, நான் போய்ட்டு வர்றேன்."

"நீ ஆத்தோட போய்ட்டா அங்க போய்ச் சேருறது யாரு?"

மறுநாள் தண்ணீர் இறங்கிய பிறகே கடக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் கண் விழித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "வுட்டுட்டுப் போய்ட்டேன்னு கோவமா இருக்கான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாராம். கட்டிலைச் சுற்றிப் போய் எதிரே நின்ற பிறகுதான் அண்ணன் அவரைப் பார்த்து அழுதார்.

காய்ச்சல் மூளைக்கு ஏறி, இரண்டு காதுகளின் கேட்கும் சக்தியையும் கொண்டுபோய்விட்டது என்றார் டாக்டர். திரும்பி வருமா என்று அப்பா கேட்டார். வராது என்று டாக்டர் தலையை அசைத்தார்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு போகவில்லை. அங்கே நடந்ததையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். பதில் சொன்னால் அவருக்குக் கேட்காது. எதிரில் உட்கார்ந்து வாயை மெதுவாக அசைத்துப் பேச அம்மாவும், அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள அண்ணனும் பழக வெகுகாலம் ஆயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து ஊர்களில் யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. ஆசிரியர் ஒருநாள் வந்து, "உங்க பையனக் காட்டித்தான் எல்லாரும் மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்.

"நான் இன்னான்னு சார் சொல்றது?" என்று கேட்டார் அம்மா. அனுப்பு என்றும் சொல்ல முடியவில்லை, அனுப்பாதே என்றும் சொல்ல முடியவில்லை.

சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், மகனை அனுப்ப நினைத்து மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவர்களை உட்கார வைத்துத் தனக்குத் தெரியாமல் போனதையெல்லாம் சொன்னார். பள்ளி திறப்பதற்கு முன்பே பையனைக் கூட்டிப் போய் இடத்தைக் காட்டச் சொன்னார். கால்சட்டைப் பொத்தானைப் போடவும் கழற்றவும் வீட்டிலேயே பழக்கச் சொன்னார். கடைசியாகப் பையனை அருகில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"காச்சல் வந்தா யாருகிட்ட சொல்லுவ?"

பையன் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"வார்டன்கிட்ட சொல்லு. அவரு கேக்கலன்னா சமையக்காரர்கிட்ட சொல்லு. அவரும் கேக்கலன்னா ரோட்டுல போய் நின்னு கத்து. தொந்தரவு பண்ணு. நல்லா தொந்தரவு பண்ணு."

அடிவாரத்தில் புளி மண்டி வைத்திருந்த பாய் எங்கள் மரங்களை ஆண்டுதோறும் குத்தகைக்கு எடுப்பவர். அவர் வீட்டம்மாவிடம் அம்மா போய், எங்கள் மலைப் பிள்ளைகள் வந்தால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "எங்க புள்ளைங்க மாதிரிதானே, வெள்ளிக்கிழமைல வூட்டுக்கு அனுப்பி வைங்க" என்றார் அந்த அம்மா. அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர்.

அன்று எங்கள் வீட்டிலிருந்து கிளம்ப எழுந்தபோது, அந்தப் பையனின் தாய் மூலையில் இருந்த அண்ணனைப் பார்த்தார். "இத்தனயும் பண்ணா எம்புள்ள நல்லா இருப்பானாக்கா?" என்றார்.

"தெரியலம்மா" என்றார் அம்மா.

அந்தப் பையன் பத்து நாள்கூடத் தாங்காமல் ஓடி வந்துவிட்டான். அப்பனுக்குப் பயந்து முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். அம்மா களி போட்டுக் கொடுத்து, அவனுடைய வீடு வரைக்கும் கூட நடந்தார். "நாம சொன்னது எதுக்கும் ஆவல" என்று திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னார். ஆனாலும் அடுத்த ஆண்டு வேறொரு தாய் வந்தபோது மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். சிலர் படித்து முடித்தார்கள். பலர் பாதியில் திரும்பினார்கள். எதனால் ஒருவர் தங்குகிறார், எதனால் ஒருவர் திரும்புகிறார் என்பது அம்மாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பை முடித்த ஆண்டு, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா வேண்டாம் என்றார். அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர்கள் பேசுவதும் பேசாமல் இருப்பதும் அண்ணனுக்குக் கேட்காது. முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி திறக்கும் அன்று காலையில் அவர் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான் கூட்டிகினு போறேன்" என்றார்.

அம்மா எதிரே வந்து நின்று வாயை அசைத்தார். என்ன சொல்ல வந்தாரோ, உதடு நடுங்கியதில் அண்ணனுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் அண்ணன் முதன்முறையாக மலை இறங்கினார். பாய் வீட்டம்மாவிடம் என் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பெண்கள் விடுதி வாசலில் கதவு சாத்தும் வரை நின்றார். நான் அழுதேன். தங்கினேன். ஆசிரியப் பயிற்சி முடித்து மலைப் பள்ளியிலேயே வேலைக்கு வந்தேன்.

அம்மாவின் கடைசி நாட்களில் அண்ணன் அருகிலேயே இருந்தார். தன் தள்ளாத வயதிலும் அவர்தான் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தார், கஞ்சி ஊட்டினார். குரல் போன பிறகு அம்மா உதடுகளை அசைத்து ஏதோ சொன்னார். பல் போன வாயின் அசைவை அண்ணனால் படிக்க முடியவில்லை. "அம்மா இன்னா சொல்லுது?" என்று என்னைக் கேட்டார். என் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கும் கேட்கவில்லை.

அம்மாவைத் தூக்கிப்போக முடியாத நிலையில் வீட்டுக்கே வந்து பார்த்த செவிலியர் சகோதரிக்கும், மழையிலும் மலை ஏறி வந்த உறவினர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பெரியாமல் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், செய்தி கேட்டவுடன் வந்து அம்மாவின் காலடியில் நின்ற பாய் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்தக் கட்டுரையில் உன் சார்பில் என்ன எழுத என்று அண்ணனைக் கேட்டேன். "என்னிய ஹாஸ்டல்ல கொண்டு வுட்டது தப்பில்லன்னு எழுது" என்றார். இதை அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே என்று வாயசைத்தேன்.

"சொல்லிகினேதான் இருந்தேன்" என்றார். "அது நம்பல."